புள்ளி நிற்கும் இடம்

மரத்தில் அறுத்தெடுத்த தமிழ்ப் பெயர் எதைக் கண்டாலும் என் கண் முதலில் புள்ளிக்குத்தான் போகும். காகிதத்தில் புள்ளி வைப்பது ஒரு வேலையே இல்லை; பேனாவைத் தூக்கி வைத்தால் ஆயிற்று. மரத்தில் எழுத்தைச் சுற்றி ரம்பம் ஓடி முடிந்ததும் புள்ளி தனியே கழன்று மேசைக்கு அடியில் உருண்டுவிடும். அதை எழுத்தோடு எப்படிப் பிடித்து வைத்திருக்கிறார் என்று பார்த்தால் போதும், ஆசாரியின் கையும் கண்ணும் எந்தத் தரம் என்று தெரிந்துவிடும்.

அண்மையில் அப்படி நின்று பார்க்க வைத்த ஒரு பலகை 'ஆமத்தூர்'. விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழியில் உள்ள ஊர்தான். அந்த ஊர்க்காரர் ஒருவர் வெளியூரில் வீடு கட்டி, முகப்பில் மாட்டுவதற்குத் தன் பெயரையோ பிள்ளைகள் பெயரையோ போடாமல் ஊரின் பெயரையே அறுத்துத் தரச் சொல்லியிருந்தார். தேக்கு, அரை அங்குலக் கனம், ஒன்றரை அடி நீளம். பின்னால் தாங்கு பலகை கிடையாது. ஐந்து எழுத்தும் ஒரே துண்டில், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு காற்றில் நிற்கின்றன. எண்ணெய் பூசிக் காயவைத்திருந்த நேரத்தில் பட்டறையில் பார்த்தேன்.

ஒரே துண்டில் என்று சொல்வது எளிது. இந்தியில் பெயர் அறுக்கிறவருக்கு அந்தக் கவலை பாதிதான். தேவநாகரி எழுத்துகள் எல்லாம் தலைக்கு மேல் ஓடும் கோட்டில் தொங்குகின்றன. அந்தக் கோட்டை விட்டுவைத்தால் சொல் தானே சேர்ந்து நிற்கும். தமிழ் எழுத்துகளுக்கு அப்படிப் பிடிகொம்பு எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் தன் காலில் தனியே நிற்கும். கூடவே கொம்பு, கால் என்று உடம்பை விட்டு விலகி நிற்கும் குறிகள் வேறு. ஆங்கிலத்தில் சின்ன 'ஐ', 'ஜே' எழுத்துகளுக்கு மட்டும்தான் தலையில் புள்ளி. தொல்லை என்று தோன்றினால் பெரிய எழுத்துக்கு மாறித் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, தப்பும் வழியும் இல்லை. மெய்யெழுத்து வராத பெயர் ஊரில் எத்தனை தேறும்?

அதனால் இங்கே எல்லோரும் செய்வது, எழுத்துகளுக்கு அடியில் ஒரு பட்டையை விட்டுவைப்பது. பட்டையின்மேல் எழுத்துகளை நிறுத்திவிட்டால் சொல் சிதறாது. பெரும்பாலான பலகைகளில் நயம் செத்துப்போகும் இடமும் இதுதான். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாற்போல ஒரு சட்டம் கீழே படுத்திருக்கும். அதன்மேல் எழுத்துகள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் போல வரிசையாக நிற்கும். பட்டைக்கும் எழுத்துக்கும் உறவே இருக்காது.

ஆமத்தூர்ப் பலகையில் பட்டை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகிறது. ஆ-வின் அடிவளைவு ஒரு சுற்றுச் சுற்றி முடியும் இடத்தில் வால் மெல்ல வலப்பக்கம் நீள்கிறது. அந்த வால்தான் ம-வின் அடிக்கோடு. ம-வுக்கு எப்படியும் கீழே ஒரு படுகோடு வேண்டும். அதன் அடியில் இன்னொரு பட்டையைக் கொடுத்துத் தடித்துப்போக விடாமல், அந்தக் கோட்டையே பட்டையாக்கிவிட்டார். அடுத்து வரும் த்-தின் வால் பட்டையைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. தூ அதைவிடத் துணிச்சல். அதன் வால் அடியில் இடப்பக்கம் சுருண்டு, கீழாகவே வலப்பக்கம் ஓடி, மேலேறி, மறுபடி வளைந்து இறங்குகிறது. தூ என்ற எழுத்துக்குள்ளேயே ஒரு அடித்தளம் இருப்பதால் அந்த இடத்தில் பட்டையை அறவே எடுத்துவிட்டார். பிறகு ர் வரும்போது அது மறுபடி தலைகாட்டுகிறது. கோடு எங்கும் அறாமல் ஓடுவதாகத் தோன்றும். விரலால் தடவிப் பார்த்தால்தான் நடுவில் அது எழுத்தாகவே மாறியிருப்பது புரியும்.

ர்-இல் இன்னொரு நுட்பம். இப்போதைய அச்சில் ர-வுக்கு அடியில் ஒரு சாய்ந்த சிறு கோடு உண்டு. அது இல்லாவிட்டால் ர-வும் துணைக்காலும் ஒன்றுபோல் இருக்கும். பழைய அச்சில் ர், ரி இவற்றுக்கு அந்தச் சாய்கோடு போடமாட்டார்கள். தலையில் புள்ளியோ சுழியோ இருக்கும்போது குழப்பத்துக்கு இடமில்லை என்பது அந்தக்கால அச்சுக்காரர்களின் கணக்கு. ஆசாரி இந்தப் பழைய ர்-ஐ எடுத்துக்கொண்டார். சாய்கோடு போட்டிருந்தால் அது பட்டைக்குள் புதைந்து ஒரு மரக்கட்டியாகியிருக்கும். போடாததால் இரண்டு கால்களும் பட்டையில் நேராக ஊன்றி, நடுவில் சின்ன ஜன்னல் திறந்தது.

புள்ளிக்கு வருகிறேன். இந்தச் சொல்லில் இரண்டு புள்ளி, த்-துக்கு ஒன்று, ர்-க்கு ஒன்று. புள்ளியை எழுத்தோடு சேர்க்க முதலில் யாருக்கும் தோன்றுவது ஒரு மெல்லிய கழுத்து வைப்பதுதான். படத்தில் அழகாக இருக்கும், மரத்தில் நிற்காது. பலகை நீளவாக்கில் இருக்கிறது. மரத்தின் நார் இடமிருந்து வலமாக ஓடுகிறது. கழுத்தோ கீழிருந்து மேலாக நிற்கிறது. நார் அதற்குக் குறுக்கே போவதால் கழுத்துக்குள் நீள நார் ஒன்றுகூட இருக்காது. துண்டு துண்டான நார்கள் அடுக்கி நிற்கும். துடைக்கும்போது துணி மாட்டி இழுத்தால் போதும், பொட்டென்று போய்விடும்.

"கழுத்து ஒசரமா வச்சா பாக்க நல்லாருக்கும் அண்ணாச்சி. ஆனா நாரு குறுக்கால கெடக்குல்ல, தாங்காது" என்றார் ஆசாரி.

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"புள்ளிய உக்கார வச்சிட்டேன்."

உட்காரத்தான் வைத்திருக்கிறார். ர்-இன் கூரைமேல் புள்ளி முழு வட்டமாக மிதக்கவில்லை. அடிப்பக்கம் கொஞ்சம் கூரைக்குள் அமிழ்ந்து, சற்றே அகன்று, தரையில் விழுந்த நீர்த்துளி விரிவதற்கு முந்தைய நொடியின் வடிவத்தில் இருக்கிறது. சேரும் இடத்தின் இரண்டு பக்கமும் கூர்மூலையாக விடாமல் சிறு குழிவு கொடுத்திருக்கிறார். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். குழிவாக இருந்தால் அழுத்தம் பரவிப்போகும். உறுதிக்காகச் செய்ததுதான், அதுவே அழகாகவும் அமைந்துவிட்டது. த்-தின் புள்ளியை வேறு மாதிரி கையாண்டிருக்கிறார். அதன் தோளும் அடுத்து வரும் தூ-வின் தோளும் அருகருகே வருவதால், புள்ளியை நடுவிலிருந்து ஒரு நூல் வலப்பக்கம் தள்ளி, இரண்டு தோளையும் தொடும்படி வைத்தார். ஒரு புள்ளி இரண்டு எழுத்துக்குப் பாலமாகிவிட்டது. எழுத்திலக்கணம் பார்க்கிறவர் குறை சொல்லலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை. புள்ளி எந்த எழுத்துக்கு உரியது என்பதில் ஐயம் வரவே இல்லை.

எழுதப்படும் பொருள் புள்ளியைப் படுத்துவது இன்று வந்த சங்கதி இல்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இராது. எழுத்தாணியின் முனையை ஒரே இடத்தில் அழுத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். படிக்கிறவர்தான் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓலையில் புள்ளி வைத்தால் ஓட்டை, பலகையில் வைத்தால் உதிர்வு. வாணவேடிக்கைக்காரர்களுக்கு மட்டும் இந்தப் பாடு இல்லை. நெருப்பால் பெயர் எழுதுகிறபோது மரச்சட்டத்தில் எழுத்தின் உருவத்துக்குச் சிறு மருந்துக் குழல்களை நெருக்கமாக நட்டு, எல்லாவற்றையும் ஒரே திரியில் கோத்துக் கொளுத்துவார்கள். இருட்டில் சட்டம் கண்ணுக்குத் தெரியாது. புள்ளி தாராளமாக மிதக்கும்.

இங்கே ஓர் இடைச்சொருகல். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிட்டது. பெரியார் 1935-இலேயே 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய முறைதான் அது. லை, ணை போன்ற எழுத்துகளின் தலையில் இருந்த தும்பிக்கை போயிற்று. ணா, றா, னா போன்றவற்றின் சுழிப்பும் போயிற்று. தட்டச்சுக்கும் அச்சுக்கோப்புக்கும் பெரிய நன்மை, சந்தேகமே இல்லை. ஆனால் 'அண்ணாமலை' என்று மரத்தில் அறுக்கிறவரிடம் கேட்டால் அவர் கட்சி வேறாக இருக்கலாம். பழைய வடிவத்தில் ணா ஒரே உடம்பு, லை ஒரே உடம்பு. தும்பிக்கை எழுத்தோடு ஒட்டிப் பிறந்தது. இப்போதோ ணா-வுக்கு ஒரு கால் தனி, லை-க்கு ஒரு சங்கிலிக்கொம்பு தனி. இரண்டையும் பட்டையில் நட்டாக வேண்டும். பழைய வீட்டு முகப்புகளில் தும்பிக்கையோடு நிற்கும் லை-யைப் பார்க்கும்போது மரத்துக்கு அது எவ்வளவு இசைவான வடிவம் என்று தோன்றும்.

மிஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்க்ரோல் சா என்கிற இந்த மிஷினில் ரம்பம் என்று நாம் நினைக்கிற பெரிய தகடு எதுவும் இராது. ஐந்து அங்குல நீளத்தில் ஒரு பிளேடு. அகலம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், கனம் அதில் பாதிக்கும் குறைவு. மேலும் கீழும் பிடித்து இறுக்கி, நிமிடத்துக்கு 400 முதல் 1,600 தடவை வரை ஏற்றி இறக்கும். பற்கள் கீழ்நோக்கி இருக்கும். சில பிளேடுகளில் கடைசி சில பற்களை மட்டும் மேல்நோக்கி வைத்திருப்பார்கள், பலகையின் அடிப்பக்கம் நார் பிய்ந்து சிலும்பாமல் இருப்பதற்காக. பிளேடு சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்க்க ஆசாரி அதை விரலால் ஒரு சுண்டு சுண்டுகிறார். 'டிங்' என்று கணீரென்று வந்தால் சரி. மந்தமாக ஒலித்தால் இன்னும் ஒரு திருகு. இதற்கென்று ஒரு மீட்டர் இருந்தாலும் அவர் காதைத்தான் நம்புவார் என்று நினைக்கிறேன்.

இந்த மெல்லிய ரம்பத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. பிரான்சில் பதினான்காம் லூயியின் மரச்சாமான்களைச் செய்த ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732) ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே வெட்டில் அறுத்து, ஒன்றின் பள்ளத்தில் மற்றதைப் பொருத்தினார். மைசூரில் ஈட்டி மரத்தில் பதிப்பு வேலை செய்கிறவர்கள் கையில் பிடிக்கும் வில் ரம்பத்தால் இன்றும் இலையும் யானையும் அறுக்கிறார்கள். நம் ஊர்ப் பொற்கொல்லர் தகட்டில் பூவேலை வெட்டுவதும் இதே குடும்பத்து ரம்பத்தால்தான். பெரம்பலூர்ப் பக்கம் அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்கிறார்களே, 2020-இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்ததே, அது உளியின் உலகம். கட்டையைக் குடைந்து உள்ளே இருக்கும் உருவத்தை வெளியே கொண்டுவருவது. இது அப்படி இல்லை. பொருள் தச்சருடையது, கை தட்டாருடையது.

உள்வெட்டு முதலில், வெளிவெட்டு கடைசியில். எழுத்துக்குள் அடைபட்டிருக்கும் இடங்களான ம-வின் வயிறு, த-வின் சுழி, ர்-இன் ஜன்னல் ஆகியவற்றில் சிறு துளை போட்டு, பிளேடின் மேல்முனையைக் கழற்றி, துளை வழியாக ஊசியில் நூல் கோப்பதுபோல் விட்டு, மறுபடி மாட்டி, அறுத்து, மறுபடி கழற்ற வேண்டும். பலகை முழுதாக இருக்கும்போதே இதை முடித்துவிட்டால் கைக்குப் பிடி இருக்கும். வெளிவெட்டை முதலில் செய்தால் கடைசியில் கையில் இருப்பது நடுங்கும் எலும்புக்கூடு. புள்ளியைச் சுற்றிய வெட்டுத்தான் எல்லாவற்றுக்கும் கடைசி.

பிளேடுக்கும் ஒரு சுபாவம் உண்டு. தகட்டில் பல் வெட்டும்போது ஒரு பக்கம் மட்டும் பிசிறு நிற்பதால், நேராகத் தள்ளினாலும் அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பழகியவர்கள் பலகையை இம்மி சாய்த்துப் பிடித்து அந்த இழுப்பைச் சரிக்கட்டுவார்கள். ஆமத்தூர்ப் பலகையில் அதற்கான சோதனை ம-வின் இடப்பக்கக் கோடு. நேர்கோடு என்பது ஒளிய இடம் தராத கோடு. வளைவில் நூலளவு விலகினாலும் அதுவும் வளைவுதான் என்று கண் ஒப்புக்கொள்ளும், நேர்கோட்டில் ஒப்புக்கொள்ளாது. அந்தக் கோடு நேராக இறங்கி, அடியில் உள்மூலையில் கத்தி வைத்தாற்போல் திரும்புகிறது. பிளேடுக்கு அகலம் இருப்பதால் அது இயல்பாகத் திரும்பினால் மூலை மழுங்கிவிடும். மூலைவரை போய், பின்வாங்கி, வளைந்து வந்து அடுத்த பக்கத்திலிருந்து மறுபடி அதே மூலையைத் தொட்டால்தான் கூர் வரும். ஒவ்வொரு உள்மூலைக்கும் இந்த இரட்டை நடை. இதைச் செய்யாவிட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. செய்திருப்பதால் ம நிமிர்ந்து நிற்கிறது.

இனி நான் மிகவும் ரசித்த இடம். பலகையின் முகம் இருக்கட்டும், எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். ஆ-வின் வளைவைச் சுற்றி விரலை ஓட்டினால் ஓரிடத்தில் நாரின் பக்கவாட்டு தெரியும். நீண்ட கோடுகளாக, இளம்பழுப்பாக. வளைவு திரும்பத் திரும்ப நாரின் வெட்டுமுகம் வெளியே வரும். சின்னச் சின்னத் துளைகளாக. வெட்டுமுகம் எண்ணெயை அதிகம் குடிக்கும், அதனால் கருக்கும். ஆக, யாரும் வண்ணம் தீட்டாமலேயே ஒவ்வொரு வளைவும் இளநிறத்தில் தொடங்கி, கரும்பழுப்பாகி, மறுபடி இளகுகிறது. தூ-வின் வாலில் இந்த நிழல் இரண்டு தடவை வந்து போகிறது. நேர்கோடுகளால் ஆன ம-வில் இளகுவதும் கருப்பதும் மூலைக்கு மூலை பட்டென்று மாறுகிறது. சதுர எழுத்துக்கும் வட்ட எழுத்துக்கும் மரமே தனித்தனிச் சாயம் கொடுத்துவிடுகிறது.

லேசரில் வெட்டினால் இது கிடைக்காது. விளிம்பு முழுக்க ஒரே கருகல். நாரின் பக்கமும் வெட்டுமுகமும் ஒரே நிறமாகிவிடும். லேசரை நான் பழிக்கவில்லை. மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டில் நூறு பெயர் வேண்டுமென்றால் அதுதான் வழி, அளவும் பிசகாது. தேக்கின் அரை அங்குலக் கனத்துக்கு மட்டும் அது அநியாயம். தேக்கிலும் ஒரு சிரமம் உண்டுதான். அந்த மரத்துக்குள் சிலிக்கா என்கிற மணற்சத்து இருப்பதால் பிளேடு சீக்கிரம் மொண்ணையாகும். மொண்ணையான பிளேடைத் தள்ளி அறுத்தால் விளிம்பு சூடேறி அதுவே கருகும். ஆசாரி இந்தச் சிறிய பலகைக்கே பிளேடு மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்.

உப்புத்தாள் வேலையில் 120-இல் தொடங்கி 180, 220, 320 என்று மென்மையாகிக்கொண்டே போவது எல்லோரும் செய்வது. எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அதிகமாகத் தேய்த்தால் எழுத்தின் ஓரம் உருண்டு, சோப்பில் செய்த எழுத்தாகிவிடும். இவர் முகத்தைச் சமதளப் பலகையில் விரித்த தாளின்மேல் தேய்த்திருக்கிறார். உள்துளைகளுக்கு ஊசி அரம். ஓரத்தில் கையைக் கிழிக்காத அளவுக்கு ஒரே ஒரு தடவு. பிறகு ஈரத்துணியால் துடைத்து நாரைச் சிலிர்க்கவிட்டு, காய்ந்ததும் அந்தச் சிலிர்ப்பை மட்டும் மெல்ல எடுத்திருக்கிறார்.

பூச்சு ஆளிவிதை எண்ணெய், அதன்மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, மெல்லியதாக. காற்றில் ஈரம் மிகுந்த ஊர்களில் அரக்குப் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும். பட்டாசையும் தீப்பெட்டியையும் அச்சையும் வளர்த்த இந்தச் சிவகாசி வட்டாரக் கரிசல் காட்டு வறண்ட காற்று அரக்குக்கும் அனுகூலம். ஆளிவிதை எண்ணெயோடு மட்டும் எச்சரிக்கை வேண்டும். அது தண்ணீரைப்போல் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தானே தீப்பிடிக்கும். இங்கே பட்டறையில் துடைத்த துணி ஒவ்வொன்றையும் தனித்தனியே விரித்துக் கொடியில் போட்டிருந்தார்கள். மருந்து இடிக்கிற இடத்தில் இரும்பைத் தவிர்த்து மரமும் பித்தளையும் வைத்துப் பழகிய வட்டாரம். இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. வாடிக்கையாளர் கேட்டார் என்று ஆ-வுக்கு முன்னாலும் ர்-க்குப் பின்னாலும் ஒரு கொடியும் இலையும் சேர்த்திருக்கிறார். வேலை சுத்தம்தான். ஆனால் எழுத்தே இவ்வளவு வளைந்து நெளியும்போது கொடிக்கு அங்கே வேலை இல்லை. சொன்னேன். "அவுக பிரியப்பட்டாக" என்று முடித்துக்கொண்டார்.

சுவரில் ஒட்டி மாட்டக்கூடாது என்று பின்பக்கம் சிறு மரக்குமிழ்கள் வைத்திருக்கிறார். வெயில் சாயும்போது புள்ளியின் நிழலும் தனியாக விழ வேண்டுமாம்.

கிளம்பும்போது அடுத்த வேலையின் டிசைன் பேப்பர் மேசைமேல் கிடந்தது. 'ஈஸ்வரி'. ஈ-யில் புள்ளி தலைக்கு மேல் இல்லை; உடம்புக்கு உள்ளேயே இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, எதையும் தொடாமல். ஸ்-இல் இன்னொரு புள்ளி.

"இத எப்படிப் பிடிப்பீங்க ஆசாரி?"

"பலகைய நெட்டுக்குத்தா நிறுத்தி அறுத்தா நாரு மேலுங்கீழுமா வரும். கழுத்து தாங்கிரும். ஆனா அடிப்பட்ட போயிருமே அண்ணாச்சி" என்றார். பென்சிலால் ஈ-யின் இடப்பக்கப் புள்ளியை நடுக்கோட்டோடு சேர்த்து ஒரு கோடு இழுத்துப் பார்த்தார். அழித்துவிட்டு, கூரையோடு சேர்த்து இன்னொரு கோடு இழுத்தார்.